ஃபேனுக்கடியில் கேட்ட கேள்வி

வாசகர் கடிதம்:

"வணக்கம் மேடம். வேலூர் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறையில் பிஎச்.டி. செய்கிறேன். மலை, காடு, ஆற்றங்கரை மாதிரி இடங்களில் இருக்கும்போது நம் ஊர்க்காரர்களுக்கு உடம்பில் என்ன தெரிகிறது என்பது தலைப்பு. பாலமதி மலையடிவாரத்திலும் பாலாற்றங்கரை ஊர்களிலும் 14 பேரை உட்கார வைத்துப் பேட்டி எடுத்தேன். எல்லாரும் 'நல்லா இருக்கும்மா, மனசுக்கு நிம்மதியா இருக்கும்' என்றே சொல்கிறார்கள். கைடிடம் காட்டினால், 'இது போதாது, மொபைல் இன்டர்வியூ எடு' என்றார். மூன்று பேரை செல்போனில் கூப்பிட்டுப் பேட்டி எடுத்துக்கொண்டு போனேன், சிரித்துவிட்டார். நடந்துகொண்டே பேட்டி எடுப்பது எப்படி? கேள்வித்தாள் வேண்டுமா? காற்றில் குரல் பதிவாகுமா? பெண் பிள்ளை தனியாகப் போகலாமா? தண்ணீரே இல்லாத பாலாற்றை இயற்கைச் சூழல் என்று எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) விடுவார்களா? இதுவரை எடுத்த 14 பேட்டியும் வீண்தானா?"

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அந்த செல்போன் விஷயம். அதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. மொபைல் என்றால் நம் ஊரில் சட்டைப்பையில் இருப்பதுதான். உங்கள் கைடு 'அவங்க கூடவே நடந்து பேசிட்டு வாம்மா' என்று தமிழில் சொல்லியிருந்தால் மூன்று பேருடைய மத்தியானத் தூக்கம் கெட்டிருக்காது. எந்த இடத்தைப் பற்றிப் பேச வேண்டுமோ அந்த இடத்துக்கு அவரோடு போய், அவர் நடக்கிற வேகத்தில் நடந்து, அவர் நிற்கிற இடத்தில் நின்று பேசுவது, அவ்வளவுதான். நான் இதை நடைப் பேட்டி என்று எழுதுகிறேன். சைக்கிளில் போனாலும், டவுன் பஸ்ஸில் போனாலும், சக்கர நாற்காலியில் போனாலும் எனக்கு அதே பெயர்தான்.

உங்கள் 14 பேரும் உங்களை ஏமாற்றவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில், ஃபேனுக்கடியில், ரெக்கார்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் 'மலைக்குப் போனால் உடம்புக்கு எப்படி இருக்கும்' என்று கேட்டால், அவரிடம் அந்த நேரத்தில் மலையும் இல்லை, மலையில் இருக்கும் உடம்பும் இல்லை. இருப்பது மலையைப் பற்றிய அபிப்பிராயம் ஒன்றுதான். அதை மரியாதையாக எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். உடம்புக்குத் தெரிந்தது எல்லாம் நினைவில் தங்குவதில்லை. முழங்கால் கடுத்தது நினைவிருக்கும், எந்தத் திருப்பத்தில் மூச்சு ஆறியது என்பது இருக்காது. அந்தத் திருப்பத்துக்குப் போனால் கால் தானாக நிற்கும். அப்போது கேட்டால் பதில் வரும்.

இதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன். ஓட்டேரிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் ஆயா ஒருவர். 22 கேள்விகளோடு அவர் வீட்டுக்குப் போனேன். "காட்டுக்குப் போனா உடம்புக்கு எப்படி இருக்கும் ஆயா?" என்று கேட்டேன். "இன்னா இருக்கும், கால் நோவும்" என்றார். அடுத்த கேள்விக்கும் அதே மாதிரி. இருபது நிமிஷத்தில் 22 கேள்வியும் தீர்ந்துவிட்டது. கிளம்பும்போது, "நாளைக்கு ஆட்டோட வரட்டுமா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

மறுநாள் ஒரு மணி நேரம் நடந்தும் உடம்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆடுகளைத் திட்டினார், மருமகளைத் திட்டினார், வேலிக்காத்தான் முள்ளைத் திட்டினார். அப்புறம் ஒரு பெரிய பாறை வந்தது. பேச்சை நிறுத்தாமலே, குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல புறங்கையைப் பாறைமேல் வைத்துப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு மறுபக்கம் சுற்றிப் போய் வைத்தார். அங்கேயே முதுகைச் சாய்த்துக் குந்தினார். நானும் பக்கத்தில் குந்தினேன். ராத்திரிக் குளிர் கல்லில் இன்னும் மிச்சமிருந்தது, ரவிக்கைத் துணியைத் தாண்டி முதுகெலும்பு வரை ஏறியது. "காலைல இந்தாண்ட, சாயங்காலம் அந்தாண்ட. எங்கம்மா எனுக்குக் காட்டுன கல்லு இது. இதுல சாஞ்சாதான் இடுப்பு எனுக்குத் திரும்பி வரும்" என்றார். என்னுடைய 22 கேள்வியில் கல்லைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

சரி, முறைக்கு வருவோம். புறத்தேர்வாளர் கேட்டால் சொல்ல உங்களுக்கு ஒரு வரலாறு வேண்டும், அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கரெட்டே குசன்பாக் என்ற சமூகவியலாளர் 2003-இல், லாஸ் ஏஞ்சலஸின் ஹாலிவுட் பகுதிக் குடியிருப்புகளில் செய்த களப்பணியை வைத்து 'கோ அலாங்' என்று இதற்கு ஒரு பெயரும் ஒழுங்கும் கொடுத்தார். உட்கார்ந்து எடுக்கும் பேட்டியில் இடமும் பழக்கமும் வெளியே நின்றுவிடுகின்றன. சும்மா கவனித்துக்கொண்டே இருந்தால், கவனிக்கப்படுகிறவர் மனதில் ஓடுவது தெரிவதில்லை. கூடவே போனால் இரண்டும் கிடைக்கும் என்பது அவர் வாதம். 2009-இல் ரிச்சர்ட் கார்பியானோ இதை உடல்நலமும் இடமும் பற்றிய ஆய்வுக்குக் கொண்டுவந்தார். 2011-இல் ஜேம்ஸ் எவன்ஸ், ஃபில் ஜோன்ஸ் இருவரும் இங்கிலாந்தில் நடந்துகொண்டே எடுத்த பேட்டிகளையும் உட்கார்ந்து எடுத்த பேட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நடைப் பேட்டி நீளமாகவும் அந்தந்த இடத்தைப் பற்றியதாகவும் வந்தது, உட்கார்ந்த பேட்டி சொந்த வாழ்க்கைக் கதைப் பக்கம் சாய்ந்தது. உங்கள் கைடுக்கும் தேர்வாளருக்கும் இந்த மூன்று வருஷங்களும் தெரிந்திருந்தால் பாதிச் சண்டை முடிந்தது.

யார் வழியைத் தேர்ந்தெடுப்பது? இதில்தான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். 'எல்லாரையும் ஒரே பாதையில் கூட்டிப்போனால் ஒப்பிட வசதி' என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரை பாலமதிக்கு வேனில் ஏற்றிப்போகிறார்கள். அது சுற்றுலா. குசன்பாக் இதில் கறார்: அவர்கள் வழக்கமாகப் போகும் நாளில், வழக்கமான வேலைக்கு, வழக்கமான வழியில் போகும்போது நீங்கள் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆடு மேய்க்கப் போகிறவரோடு ஆட்டோடு, விறகுக்குப் போகிறவரோடு கையில் கயிற்றோடு, விடியற்காலை வாக்கிங் போகும் ஓய்வுபெற்ற வாத்தியாரோடு அவருடைய நண்பர் கூட்டத்தோடு. நான் அந்த அளவு கறார் இல்லை. பத்து வருஷமாக ஆற்றுக்குப் போகாதவரை 'ஒரு நடை போய் வரலாமா' என்று கூட்டிப்போவதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் எது வழக்கமான நடை, எது நீங்கள் ஏற்பாடு செய்த நடை என்று ஆய்வேட்டில் பிரித்து எழுதிவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால்தான் தேர்வாளர் பிடிப்பார்.

நம் பக்கம் மலைக்குப் போவது என்றால் பெரும்பாலும் சாமிக்குப் போவதுதான். 'என் தலைப்பு இயற்கை, கோயில் வேண்டாம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாலமதியிலும் முருகன், வள்ளிமலையிலும் முருகன். சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி, 2024-இல் ரோப் காரும் வந்துவிட்டது. முன்பு படியேறிப் போய், இப்போது ரோப் காரில் போகும் ஒருவரோடு கூடப் போய்ப் பாருங்கள். 'எவ்வளவு சௌகரியம்' என்று கீழே சொன்னவர், மேலே போய் 'வேர்க்கவே இல்லையே, சாமி பார்த்த மாதிரியே இல்லை' என்று சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். வேர்வைக்கும் வேண்டுதலுக்கும் என்ன உறவு என்பது உங்கள் தலைப்புக்குள் நேராக வந்து விழும் கேள்வி.

கேள்வித்தாள் வேண்டாம். அதற்காக வெறுங்கையோடும் போகாதீர்கள். நான் மூன்று நான்கு சின்னக் கேள்விகளை நாக்கு நுனியில் வைத்துக்கொள்வேன்: "இப்ப ஏன் நின்னீங்க?" "இங்க நடை மாறுதே, கால்ல என்ன தெரியுது?" "இந்த இடத்துக்கு வாசனை எப்பவும் இப்படித்தானா?" "இந்தப் பக்கம் போகாம சுத்திப் போறீங்களே?" எல்லாம் கண்ணெதிரே நடந்ததைத் தொட்ட கேள்விகள். 'எப்படி உணர்கிறீர்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படி யாரும் யாரிடமும் தமிழில் கேட்பதில்லை. டிவிக்காரர்கள் கேட்பார்கள், அதற்கு டிவிப் பதில்தான் வரும்.

ஏற்றத்தில் வாயைத் திறக்கவே வேண்டாம். மூச்சு வாங்குகிறவரிடம் கேள்வி கேட்பது பாவம், அதோடு பதிவில் அந்த மூச்சுதான் உங்களுக்குத் தேவையான தகவல். ஒற்றையடிப் பாதையில் பின்னால் போங்கள். பேச்சு சரியாகக் கேட்காது, ஆனால் குதிகால் எங்கே அழுந்துகிறது, கை எந்த மரத்தைப் பிடிக்கிறது என்பது தெரியும். பாதை அகலமானதும் பக்கத்துக்கு வந்துவிடுங்கள். முகம் பார்க்காமல் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்போது, எதிரே உட்கார்ந்து சொல்லக் கூசுவதையும் மனிதர்கள் சொல்லிவிடுவார்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு அனல் மாதிரி எரிவதைப் பற்றி ஒரு அம்மா என்னிடம் சொன்னது இப்படித்தான், ஏரிக்கரையில், என் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

இப்போது பதிவு. அந்த ஆயாவோடு போன நாளில் ரெக்கார்டரைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் ஐம்பது நிமிஷம் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று, நடுநடுவே ஆட்டு மணி. ஆயா பேசியது ஒரு வரி புரியவில்லை. களைப்பாக இருந்தது என்று அன்று இரவு நோட்டும் எழுதவில்லை. மேலே சொன்ன அந்தக் கல் மட்டும்தான் இப்போது என்னிடம் இருக்கிறது, அதுவும் என் முதுகு ஞாபகம் வைத்திருந்ததால். மருமகளைத் திட்டியது போகட்டும், எந்தச் செடியை எதற்குத் தின்னக் கூடாது என்று ஒரு மைல் தூரம் சொல்லிக்கொண்டு வந்தார், அத்தனையும் போயிற்று.

ஆகவே காலர் மைக் ஒன்று வாங்கிவிடுங்கள். அதன்மேல் பஞ்சு உறை அவசியம், வெளியிடத்துக்கு நாய்க்குட்டி ரோமம் மாதிரி ஒரு உறை விற்கிறது, அது இன்னும் நல்லது. முந்தானை மடிப்புக்குள் மாட்டினால் துணி உரசும் சத்தம் பேச்சைத் தின்றுவிடும். கழுத்தோரம் மாட்டி, தாலிச் சங்கிலி இடிக்காமல் பாருங்கள். போனை ஃப்ளைட் மோடில் போட்டு ரெக்கார்டர் ஆப்பில் இரண்டாவது பதிவு ஒன்று ஓடட்டும். நடை தொடங்கும்போது இடம், நேரம், வெயிலா மேகமா என்று உங்கள் குரலிலேயே சொல்லிப் பதியுங்கள். வழியில் ஏதாவது நடந்தால், 'இப்ப கைய வச்சுப் பாக்கிறாங்க, கல்லுமேல' என்று மெல்லச் சொல்லி வையுங்கள், மைக்குக்குக் கண் கிடையாது. வீடியோ வேண்டாம் என்பேன். கேமராவைப் பார்த்ததும் நம் மக்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக நடக்க ஆரம்பித்துவிடுவார்கள், நமக்கு வேண்டியது அந்தக் கோணல் நடைதான்.

அன்று இரவே எழுதிவிடுங்கள். நான் நோட்டில் ஐந்து பத்தி போடுவேன்: நேரம், இடம், அவர் உடம்பு என்ன செய்தது, வாய் என்ன சொன்னது, என் உடம்புக்கு என்ன ஆனது. மாதிரிக்கு ஒன்று: '7.42. இரண்டாவது வளைவு தாண்டி, புளியமரம். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "இங்க மண்ணு மெத்துனு கீது, செருப்பு இன்னாத்துக்கு." எனக்குக் கழற்றத் தயக்கம், முள் பயம். கழற்றினேன். ஈரம். குதிகால் வெடிப்பில் எரிந்தது.' கடைசிப் பத்தியை 'அறிவியல் இல்லை' என்று சிலர் அடிக்கச் சொல்வார்கள். அடிக்காதீர்கள். உடம்பைப் பற்றிய ஆய்வில் உங்கள் உடம்பும் ஒரு கருவிதான். ஆனால் உங்களுக்கு ஆனதை அவருக்கு ஆனதாக எழுதக்கூடாது, தனிப் பத்தி அதற்குத்தான்.

கையில் கட்டும் நாடித்துடிப்பு வாட்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். துடிப்பு ஏறியது என்று அது காட்டும். ஏற்றத்தாலா, பாம்பு பயத்தாலா, எதிரே வந்த ஆளாலா என்பது அதற்குத் தெரியாது. தென்மேற்கு இங்கிலாந்தின் கடலோர ஊர்களில் நடந்த ஒரு ஆய்வில் நல்ல யோசனை ஒன்று இருந்தது: ஜி.பி.எஸ். கருவியையும் அசைவு அளக்கும் கருவியையும் சில நாள் ஆட்களிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் அவர்கள் போன தடத்தை வரைபடமாக அச்சடித்து அவர்கள் முன்னால் வைத்துப் பேசினார்கள். கருவி சொன்னதற்கு மனிதரே விளக்கம் சொல்கிறார். காசும் அனுமதியும் இருந்தால் செய்யலாம்.

அனுமதி என்றதும் சொல்ல வேண்டியது, காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். மாவட்ட வன அலுவலருக்கு முன்கூட்டியே விண்ணப்பம் கொடுங்கள். அதைவிட நுட்பமான விஷயம் ஜி.பி.எஸ். தடம். நீங்கள் ஜவ்வாது மலைப் பக்கம், பீஞ்சமந்தை மாதிரி ஊர்களுக்கும் போக நினைத்தால் இதை மறக்க வேண்டாம். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் பலர் நம் மாவட்டங்களின் மலை ஊர்க்காரர்கள். அந்த ஊர்களில் ரெக்கார்டரோடும் தடம் பதியும் போனோடும் 'காட்டுக்குள் எந்த வழியாகப் போவீர்கள்' என்று கேட்டால் உங்களை யாராக நினைப்பார்கள்? பெண்கள் ஒதுங்கப் போகும் இடம், தேன் எடுக்கும் இடம், யாருக்கும் தெரியாமல் சந்திக்கும் இடம், எல்லாம் அந்தத் தடத்தில் விழும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதாது. வழியிலேயே 'இதை நிறுத்தட்டுமா' என்று கேளுங்கள். நிறுத்திய இடத்தில் நிறுத்தியதை மட்டும் குறியுங்கள். வரைபடத்தை ஆய்வேட்டில் அப்படியே போடாதீர்கள்.

இன்னொன்று, உட்கார்ந்த பேட்டியில் கதவைச் சாத்தலாம், நடையில் ஊரே பார்க்கும். 'யாரு இது, இன்னா எழுதிக்கினு வருது?' என்று எதிரே வருகிறவர் கேட்பார். அவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பேட்டி கொடுப்பவரே முடிவு செய்யட்டும், புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். நடுவில் வந்து சேர்ந்து பேசுகிறவரின் பேச்சை அவர் சம்மதம் இல்லாமல் பயன்படுத்த முடியாது. அப்புறம் சாதி. காலனிக்காரர் ஒருவர் ஏரிக்குப் போக ஊர்த்தெரு நேர்வழியாக இருந்தும் வரப்பைச் சுற்றிப் போவார். வீட்டில் கேட்டால் 'அப்படியெல்லாம் இல்லைங்க' என்பார். கூட நடந்தால் அந்தச் சுற்றில் எத்தனை நிமிஷம் கூடுகிறது, கால் எவ்வளவு கடுக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அதைக் கிளறி அவரை அங்கே நிற்க வைத்துக் கேட்காதீர்கள். நடந்து முடித்து டீ குடிக்கும்போது, அவராகத் தொட்டால் பேசுங்கள்.

தனியாகப் போவது பற்றி. போக வேண்டாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆண் மாணவராக இருந்தாலும் மலைக்கு இதையேதான் சொல்வேன். உள்ளூர்ப் பெண் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குக் கூலி கொடுங்கள். அவர் இருபதடி பின்னால் வரட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆண்களோடு நடப்பதானால் அவர் வீட்டு ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வம்பு உங்களுக்கு முன்னால் அவருக்குத்தான் வரும். காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடியுங்கள். கத்திரி வெயிலில், பேப்பரில் வேலூர் 106, 108 டிகிரி என்று வரும் நாட்களில், அறுபது வயதுக்காரரை ஆராய்ச்சிக்காக நடக்க வைப்பது அயோக்கியத்தனம். ஆனால் அந்த வெயிலில் வேலைக்காக நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு போகலாம். அதற்கும் குடையும் தண்ணீரும் உங்கள் பொறுப்பு.

நடக்க முடியாதவர்களை விட்டுவிடாதீர்கள். வேலூரில் இருந்துகொண்டு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1954-இல் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் உழைப்பில் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்த ஊர் இது. சக்கர நாற்காலியில் போகிறவரோடு கோட்டை அகழி ஓரம் ஒரு சுற்று வந்து பாருங்கள். தரை கரடாக இருக்கும் இடம் நமக்குக் காலில் லேசாகத் தெரியும். அவருக்கு அது உள்ளங்கை, தோள், பல் வரை போகும். மரநிழலில் நிற்க ஆசைப்படுவார், ஒரு சின்னக் கட்டை தடுக்கும். இயற்கையை அனுபவிப்பதில் எத்தனை அங்குலம் சிமென்ட் குறுக்கே இருக்கிறது என்பது அப்போது புரியும். நாற்காலியைத் தள்ளட்டுமா என்று கேட்டுவிட்டுத் தள்ளுங்கள். கேட்காமல் தள்ளினால் பேட்டி அங்கேயே முடிந்தது.

இப்போது பாலாறு. நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லாக் கோயில். சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆறும் மலையும்தான் பாக்கி. தண்ணீர் இல்லாததால் அது இயற்கைச் சூழல் இல்லை என்று யார் சொன்னது? என் அனுபவத்தில் நடைப் பேட்டிக்குப் பாலாற்றைவிட நல்ல இடம் கிடையாது. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவரோடு ஆற்றுக்குள் இறங்கினேன். கரையிலிருந்து இறங்கும்போது நடையை மாற்றினார், முழங்காலைக் கொஞ்சம் தூக்கி, பாதத்தைப் பரப்பி வைத்து. அது மணலில் நடக்கும் நடை. கீழே மணல் இல்லை, அள்ளிப்போன பிறகு மிஞ்சிய களியும் வேலிக்காத்தானும்தான். நாலு எட்டு வைத்துவிட்டு நின்று சிரித்தார். "கால் ஏமாந்துபூடுச்சி" என்றார். கொஞ்சம் தூரம் போனதும், பழைய ஊற்று இருந்த இடம் என்று குனிந்து கையால் தோண்டுகிற மாதிரி காட்டினார். முழங்கை ஆழத்தில் தண்ணீர் வரும், முதலில் கலங்கலை இறைத்துவிட வேண்டும், அப்புறம் ஊறுவது இனிக்கும் என்று சொல்லும்போது தொண்டை ஏறி இறங்கியது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஆறு ஓடியபோது ஓடிப்போய்ப் பார்த்தாராம். "பாக்க நல்லாத்தான் இருந்துச்சி. கால் வெக்க பயமா இருந்துச்சி." பிறந்ததிலிருந்து பழகிய ஆற்றில் கால் வைக்கப் பயம். இது எந்த நாற்காலியில் கிடைக்கும்?

அதே போல, இயற்கை என்றால் நிம்மதி என்ற முடிவோடு போகாதீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஆற்றோரம் நடந்தால் மூக்குதான் முதலில் பேசும். 1996-இல் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஆறு இது. சில இடத்தில் கிணற்றுத் தண்ணீரில் குளித்தால் மேல் அரிக்கும் என்பார்கள். அரிப்பும் நாற்றமும் பாம்பு பயமும் கால் நோவும் உங்கள் ஆய்வேட்டில் 'நிம்மதி'க்குச் சமமாக உட்கார வேண்டும்.

கடைசியாக நான் பிடிவாதமாக இருப்பது மொழி விஷயத்தில். பதிவைக் கேட்டு நேராக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிற பழக்கம் உங்கள் துறையில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். 'ஜில்லுனு', 'குளுகுளுனு', 'சிலுசிலுனு' மூன்றும் 'கூல்' ஆகிவிடும். கல்லில் சாய்ந்தால் ஜில்லென்று இருக்கும். மரத்தடியில் குளுகுளு. மேலே காற்று படும்போதுதான் சிலுசிலு. நோவு, கடுப்பு, குடைச்சல், எரிச்சல், இழுப்பு எல்லாம் 'பெயின்' ஆகிவிடும். 'சூடு பிடிச்சுக்கிச்சு' என்றால் உங்கள் தேர்வாளர் ஜுரம் என்று நினைப்பார், வெயிலில் நடந்தவர் சொன்னது நீர்க்கடுப்பை. முதலில் அவர்கள் பேசியபடியே, 'கீது', 'இட்டுனு', 'குந்து' எல்லாம் இருக்க, தமிழில் எழுதுங்கள். மூச்சு வாங்கிய இடத்தில் 'மூச்சு' என்று எழுதுங்கள், பேசாமல் நடந்த ஆறு நிமிஷத்தை 'ஆறு நிமிஷம், பேச்சில்லை, செருப்புச் சத்தம்' என்று எழுதுங்கள். அந்தச் சொற்களை வைத்தே வகைப்பாடு செய்யுங்கள். ஆங்கிலம் ஆய்வேடு எழுதும் அன்றைக்கு வந்தால் போதும், அப்போதும் தமிழ்ச் சொல்லை அப்படியே வைத்து விளக்கம் கொடுங்கள்.

உங்கள் 14 பேட்டிக்கு வருகிறேன். ஒன்றும் வீணில்லை, உண்மையில் அதிர்ஷ்டம். அதே ஆட்களில் ஆறு ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, அவரவர் வழக்கமான நடையில் கூடப் போங்கள். ஆவணி, புரட்டாசியில் ஒரு முறை, மார்கழி, தையில் அதே வழியில் இன்னொரு முறை. நடை முடிந்து இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து, நோட்டில் எழுதியதைப் படித்துக் காட்டி 'இப்படித்தானா?' என்று கேளுங்கள். நாற்காலியில் 'நிம்மதி' என்று சொன்ன அதே வாய் பாறையடியில் என்ன சொன்னது என்பதை இரண்டு பத்தியாக எதிரெதிரே வைத்தால், 'ஏன் இந்த முறை' என்று வைவாவில் கேட்பவருக்கு அந்த ஒரு பக்கமே பதில். ஏழு பேர் போதுமா என்று கேட்பார்கள். ஒருவருக்கு இரண்டு பருவம், பழைய பேட்டியோடு சேர்த்து ஐந்து சந்திப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

முதல் நடையை யாரோடு தொடங்குவது என்று யோசித்தால், உங்கள் 14 பேரில் மிகக் குறைவாகப் பேசியவரைத் தேர்ந்தெடுங்கள். பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.